கோலனோஸ்கோபிக்குக் குடல் சுத்தம்: நம்ம ஊர்ச் சாப்பாட்டுக்கும் மதுரைப் பயணத்துக்கும் தோதாக எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

மருந்துக்கடை, காரைக்குடி:

எல்லோருக்கும் வணக்கம். பெருங்குடலில் பாலிப் (உட்சுவரில் முளைக்கும் சின்னச் சதை வளர்ச்சி, சிலது பின்னால் புற்றாகலாம்) இருக்கிறதா என்று குழாய் விட்டுப் பார்க்கும் கோலனோஸ்கோபிக்கு மதுரையிலோ திருச்சியிலோ நாள் வாங்கியவர்கள், வயிற்றைக் கழுவும் பவுடரை எங்களைப் போன்ற கடைகளில்தான் வாங்குகிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் தாள் முழுக்க இங்கிலீஷ். ஆஸ்பத்திரிச் சீட்டில் "சக்கை இல்லாத சாப்பாடு" என்று ஒரே ஒரு வரி. கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கத்து ஆச்சிமார் "கவுனி அரிசி ஆகுமா, பணியாரம் ஆகுமா, ரசம் ஆகுமா" என்று கேட்டால் அந்த ஒரு வரியை வைத்துப் பதில் சொல்ல முடியவில்லை.

தமிழில் ஒரு பக்கம் அச்சடித்து, பவுடரோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு விவரம் வேண்டும். எத்தனை நாள் முன்பிருந்து என்ன சாப்பிடக் கூடாது, ஏன்? பவுடரை ராத்திரியே முழுசாகக் குடித்து முடித்தால் ஆகாதா? காலை 8 மணிக்கு மதுரையில் இருக்கச் சொன்னால் காரைக்குடிக்காரர் விடியற்காலைப் பங்கை எப்போது குடிப்பது? சர்க்கரை மாத்திரை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்களுக்கு என்ன சொல்வது? கூடவே இன்னொன்று: "குழாய் எதற்கு, மலம் டெஸ்ட் போதாதா" என்று கேட்பவர்களுக்கும் ஒரு நேர்மையான பதில் வேண்டும்.

எண்டோஸ்கோபி செவிலியர், மதுரை:

அண்ணே, நல்ல வேலை. சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அங்கேதான் பாதிப் பேர் தவறுகிறார்கள்.

குழாயின் உள்ளே அழுக்குத் தண்ணீரை உறிஞ்சும் வழி ஒன்று இருக்கிறது. பெரியவர்களுக்கான கருவியில் அதன் விட்டம் சுமார் 3.7 மி.மீ. வரமிளகாய் விதை குறுக்கே 3, 4 மி.மீ. இருக்கும். ஒன்று தப்பித் தவறிப் போய்விடும். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் வழி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சிரிஞ்சில் தண்ணீர் வைத்துத் தள்ளணும், சில சமயம் குழாயையே வெளியே எடுக்கணும். உப்புக்கறியை முதல் நாள் சாப்பிட்டு வந்தால் மறுநாள் குடலுக்குள் அந்த விதைகளை எண்ணலாம். தக்காளி விதை, கத்திரி விதை, சுண்டைக்காய், கொய்யா, மாதுளை, எள், கசகசா எல்லாம் அதே கணக்கு. கடுகு சின்னது, உறிஞ்சினால் வந்துவிடும். ஆனால் குடல் மடிப்புகளுக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

மூன்று நாள் முன்பிருந்து நிறுத்த வேண்டியவை: கீரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, முருங்கைக்காய், தேங்காய்த் துருவல், சுண்டல், தோலுள்ள பருப்பு, கேழ்வரகு, கம்பு, கவுனி அரிசி. கவுனி அரிசிக்குத் தவிடும் நிறமும் இரண்டும் பிரச்சினை. கும்மாயம் உளுந்து மாவு, சக்கை உண்டு, வேண்டாம். கந்தரப்பத்தில் தேங்காய் இருப்பதால் அதுவும் வேண்டாம். மண்டி (அரிசி கழுவிய தண்ணீரில் காய் போட்டு வைக்கும் குழம்பு) வேண்டவே வேண்டாம்.

சாப்பிடக்கூடியவை: வெள்ளை அரிசிச் சோறு, இட்லி, இடியாப்பம், ரவைக் கஞ்சி, தயிர், முட்டை, மசாலா இல்லாமல் வேகவைத்த மீனோ கோழியோ, தோல் சீவிய உருளைக்கிழங்கு. வெள்ளைப் பணியாரம் பச்சரிசியும் உளுந்தும்தான். குழாய்க்கு மூன்று நாள், இரண்டு நாள் முன்பு ஒன்றிரண்டு சாப்பிட்டால் கெட்டுப் போகாது. தொட்டுக்கொள்ளும் காரச் சட்னிதான் ஆகாது, அதில் மிளகாய் விதை இருக்கும்.

குழாய்க்கு முந்தின நாள் காலையில் இட்லியோ இடியாப்பமோ லேசாகச் சாப்பிட்டதோடு திடச் சாப்பாடு முடிந்தது. அப்புறம் ஊடுருவித் தெரிகிற நீர் ஆகாரம் மட்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாளை வையுங்கள். எழுத்து தெரிந்தால் குடிக்கலாம். இளநீர் (வழுக்கை இல்லாமல்), வடிகட்டிய எலுமிச்சைச் சாறில் உப்பும் சர்க்கரையும், பால் சேர்க்காத டீ, கோலி சோடா, தெளிவு மட்டும் எடுத்து வடிகட்டிய பூண்டு ரசம் எல்லாம் ஆகும். மோரும் பாலும் இந்தச் சோதனையில் தேறாது. சிவப்பு, ஊதா நிறப் பானங்களைத் தொடக் கூடாது. உள்ளே பார்க்கும்போது ரத்தம் போலத் தெரியும்.

இனி பவுடர். கடைகளில் அதிகம் போகிற 137.15 கிராம் பாக்கெட் 2 லிட்டர் தண்ணீருக்கானது. அந்த அளவில் கரைத்தால் உப்பும் நீரும் உடம்பின் அளவோடு ஒத்துப்போகும். உடம்பும் அதை உறிஞ்சாது, குடலும் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்காது. குடித்தது அப்படியே குடலைக் கழுவிக்கொண்டு வெளியே போகும். "2 லிட்டர் குடிக்க முடியாது" என்று ஒரு லிட்டரில் கரைத்தால் கரைசல் கெட்டியாகி, உடம்புத் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், குமட்டும், மயக்கம் வரும். குடிநீர் பாட்டிலில் அளந்து ஊற்றச் சொல்லுங்கள். "இரண்டு சொம்பு" என்றால் வீட்டுக்கு வீடு அளவு மாறும்.

குளிர வைத்துக் குடித்தால் உப்புக்கரிப்பு தெரியாது. வேண்டுமானால் நாலு சொட்டு எலுமிச்சை பிழியலாம். கரைசலுக்குள் சர்க்கரையோ குளுக்கோஸோ போடக் கூடாது. முன்னே சொன்ன எலுமிச்சைச் சாறு தனி, இது தனி. கரைத்ததை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்கணும்.

ராத்திரியே 2 லிட்டரையும் குடித்தால் என்ன? ராத்திரி முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தமும் சளியும் பெருங்குடலின் வலது பக்கத்துக்கு வடிந்துகொண்டே இருக்கும். காலையில் பார்த்தால் மஞ்சள் பசை தடவியது போல ஒரு படலம் காய்ந்து ஒட்டியிருக்கும். தட்டையான பாலிப்புகள் அதிகம் இருப்பது அந்த வலது பக்கத்தில்தான். அதனால் முதல் லிட்டர் முந்தின சாயங்காலம் 6 மணிக்கு. இரண்டாவது லிட்டர், குழாய் விடும் நேரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு ஆரம்பிக்கணும். கால் லிட்டர் டம்ளரால் 15 நிமிஷத்துக்கு ஒன்று, ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் முடியும். குழாய்க்கு 2 மணி நேரம் முன்பு தண்ணீர் உட்பட எல்லாம் நிறுத்தம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் தண்ணீர் இருந்தால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

கடைசியாகப் போவது எலுமிச்சை ஜூஸ் போல மஞ்சளாகத் தெளிந்து இருக்கணும். ரச வண்டல் போல இருந்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். "பத்துத் தடவை போய்விட்டது" என்பது கணக்கில்லை. நிறம்தான் கணக்கு.

மருந்துக்கடை, காரைக்குடி:

சிஸ்டர், டம்ளருக்குப் பின்னால் செய்தித்தாள் என்பதை அப்படியே போட்டுக்கொள்கிறேன். பயணக் கணக்கு மட்டும் கொஞ்சம் பிரித்துச் சொல்லுங்கள். காரைக்குடியிலிருந்து மதுரை போக எப்படியும் இரண்டு மணி நேரம். பஸ்ஸில் கக்கூஸ் கிடையாது.

எண்டோஸ்கோபி செவிலியர், மதுரை:

பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வரணும் அண்ணே. பகல் 11 மணிக்குக் குழாய் என்றால்: 5 மணிக்கு இரண்டாவது லிட்டர் ஆரம்பம், 6-க்கு முடிவு. அதற்கப்புறம் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போய்க்கொண்டுதான் இருக்கும். 8 மணிக்குக் கார் ஏறலாம். 9-க்கு அப்புறம் தண்ணீர் கிடையாது. 10-க்கு ஆஸ்பத்திரி. மதியம் 1 மணி என்றால் எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் தள்ளிக்கொள்ளலாம், வயசானவர்களுக்கு அதுதான் சௌகரியம். காலை 8 மணி என்றால் ராத்திரி 2 மணிக்கு எழுந்து குடித்து 5-க்குக் கிளம்பணும். கணக்குப்படி முடியும், 70 வயசுக்காரருக்கு முடியாது. நாள் வாங்கும்போதே "வெளியூர், 11 மணிக்கு மேல் போடுங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் முந்தின நாளே மதுரை வந்து கழிப்பறையோடு சேர்ந்த ரூம் எடுத்துத் தங்குவது நல்லது. "பஸ்ஸில் சிரமம்" என்று இரண்டாவது பங்கைக் குடிக்காமல் வருகிறவர்கள்தான் "சுத்தம் போதவில்லை, மறுபடி வாங்க" என்ற சீட்டோடு திரும்பிப் போகிறார்கள். இரண்டு செலவு, இரண்டு பேதி.

வீட்டு விஷயம் ஒன்று. பழைய வளவு வீடுகளில் கழிப்பறை பின்கட்டில் இருக்கும். முகப்பில் படுத்திருக்கிற பெரியவர் ராத்திரி நாலு முறை வளவையும் இரண்டாங்கட்டையும் தாண்டிப் போகணும். ஈரக்கால் பட்டால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுக்கும். அன்றைக்கு மட்டும் படுக்கையைப் பின்கட்டுப் பக்கம் போட்டு, வழியெல்லாம் விளக்கைப் போட்டு, பக்கத்தில் ஒரு ஆள் படுக்கணும். குத்துக்கால் போட்டு உட்கார முடியாதவருக்கு நடுவில் ஓட்டையுள்ள நாற்காலி. உங்கள் கடையிலேயே விற்பீர்களே. ஆரம்பிக்கும் முன்பே ஆசனவாயில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் ஐந்தாம் முறைக்கு மேல் எரியாது.

வெறும் தண்ணீரையே செம்பு செம்பாகக் குடிப்பதும் தப்பு. ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுக்கிற வயசானவர்களுக்கு இது குழப்பம், வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். இடையில் உப்புப் போட்ட எலுமிச்சை நீர், இளநீர், ரசத் தெளிவு என்று மாற்றி மாற்றிக் கொடுக்கணும்.

லேப் டெக்னீஷியன், தேவகோட்டை:

மலம் டெஸ்ட் பற்றிக் கேட்டீர்களே அண்ணே, அதை நான் சொல்கிறேன். முதலில் பேர்க் குழப்பம். "ஸ்டூல் அக்கல்ட் பிளட்" (மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம்) என்று சீட்டில் எழுதினால் இரண்டு விதமான டெஸ்டில் எது வேண்டுமானாலும் நடக்கலாம். பழைய குவாயக் முறை எந்த ரத்தத்துக்கும் நிறம் மாறும். மூன்று நாள் முன்பு வரைக்கும் ஆட்டுக்கறி, ஈரல், ரத்தப் பொரியல் சாப்பிட்டிருந்தால் அந்த ஆட்டு ரத்தத்துக்கே பாசிட்டிவ் காட்டும். முள்ளங்கி, காலிஃபிளவரும் குழப்பும். வைட்டமின் சி மாத்திரை எடுத்தால் இதற்கு நேர்மாறாக, இருக்கிற ரத்தத்தையும் மறைத்துவிடும். பாலிப் பரிசோதனைக்கு வேண்டியது ஃபிட் எனப்படும் இம்யூனோ முறை. அது மனித ஹீமோகுளோபினில் உள்ள குளோபினை மட்டும் பிடிக்கும். அதற்குப் பத்தியம் கிடையாது. சீட்டு எழுதும்போதே "ஃபிட்" என்று கேட்டு வாங்கணும். அளவைக் காட்டும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. பல நாடுகளில் ஒரு கிராம் மலத்துக்கு 20 மைக்ரோகிராம் ஹீமோகுளோபின் என்ற எல்லையை வைத்திருக்கிறார்கள்.

மாதிரி எடுப்பதில்தான் தவறு நடக்கிறது. கழிப்பறைத் தண்ணீரில் விழுந்ததை எடுக்கக் கூடாது. காய்ந்த செய்தித்தாளை விரித்து அதன் மேல் போகணும். பாட்டில் மூடியோடு வருகிற குச்சியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அதை ஐந்தாறு இடத்தில் சுரண்டி, பள்ளம் நிரம்புகிற அளவு போதும், சுமார் 10 மில்லிகிராம். நிறைய இருந்தால் நல்லது என்று உருண்டையாக அப்பிக்கொண்டு வந்தால் கரைசலின் விகிதமே போய்விடும். மாதவிலக்கு நாட்களிலும், மூலத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய ரத்தம் போகிறபோதும் எடுக்க வேண்டாம்.

நம்ம ஊர் வெயில் இன்னொரு எதிரி. சூட்டில் ஹீமோகுளோபின் சிதைந்துவிடும், உண்மையில் ரத்தம் இருந்தும் நெகட்டிவ் வரும். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் பக்கமே கோடையில் பாசிட்டிவ் விகிதம் குறைவதைக் கணக்கெடுத்து எழுதியிருக்கிறார்கள், சிவகங்கைச் சீமைச் சித்திரையில் கேட்கவா வேண்டும்! எடுத்ததும் ஃபிரிட்ஜில் வைத்து (ஃபிரீசரில் அல்ல), அன்றைக்கே இல்லாவிட்டால் மறுநாள் லேபுக்குக் கொண்டுவரணும். வண்டி டிக்கியில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்வரக் கூடாது.

என் கருத்து: கிராமத்தில் வருஷா வருஷம் ஃபிட் எடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். எல்லோரையும் குழாய்க்கு அனுப்ப ஆளும் இல்லை, மிஷினும் இல்லை.

குடல் மருத்துவர், திருச்சி:

லேப் தம்பி சொன்னதில் முக்கால்வாசி சரி. கால்வாசிக்குத் திருத்தம். ஃபிட் ரத்தத்தைத்தான் தேடுகிறது, பாலிப்பை அல்ல. புற்றுநோயாக மாறியதை ஒரே தடவையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு பிடிக்கும். ஆனால் 1 செ.மீ.க்கு மேல் வளர்ந்த ஆபத்தான பாலிப்புகளில் பாதிக்கு மேல் ஒரு தடவையில் தப்பிவிடும். தட்டையானவை அநேகமாகக் கசிவதே இல்லை. அதனால்தான் வருஷா வருஷம் எடுக்கணும், ஒரு வருஷம் நெகட்டிவ் வந்ததென்று விடக் கூடாது. பாசிட்டிவ் வந்தால் கட்டாயம் குழாய். "இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம், அது நெகட்டிவ் வந்தால் விட்டுவிடலாம்" என்பது மிகப் பெரிய தவறு, அந்தக் கசிவு தினமும் இருக்காது. பாசிட்டிவுக்குப் பிறகு 10 மாதம் தாண்டித் தள்ளிப்போட்டவர்களிடம் முற்றிய புற்று அதிகம் காணப்பட்டிருக்கிறது.

ஏற்கெனவே தொந்தரவு உள்ளவர்களுக்கு ஃபிட்டே வேண்டாம், நேராகக் குழாய்தான். மலத்தில் ரத்தம், மலப் பழக்கம் சில வாரமாக மாறியது, காரணமில்லாத எடைக் குறைவு, ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தச்சோகை, இதில் ஒன்று இருந்தாலும் போதும். நம் பக்கம் ரத்தம் என்றாலே "மூலச்சூடு" என்று கருணைக்கிழங்கில் ஆரம்பிப்பார்கள். மூலமும் இருக்கலாம், அதற்கு மேலே பாலிப்பும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லை என்று ஆகாது.

யாருக்கு எப்போது? நம் நாட்டில் தேசிய அளவில் ஆள்தொகைப் பரிசோதனை வாய், மார்பகம், கருப்பைவாய் மூன்றுக்கும்தான். பெருங்குடலுக்கு இல்லை. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2021-இல் தொடக்க வயதை 50-லிருந்து 45 ஆக்கியது. அங்கே நோய் அதிகம், இங்கே குறைவு. அதனால் 45 வயதான எல்லோரையும் குழாய்க்கு விரட்டணும் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பத்தில் இருந்தால் விஷயம் வேறு. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர், பிள்ளை ஆகியோரில் ஒருவருக்கு 60 வயதுக்குள் பெருங்குடல் புற்று வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வயது முன்னால், எது முந்துகிறதோ அப்போது. அப்பாவுக்கு 46-இல் என்றால் மகனுக்கு 36. பிறகு 5 வருஷத்துக்கு ஒரு முறை. தாய்மாமனுக்கும் பெரியப்பாவுக்கும் இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேருக்கு, இளம் வயதில், குடலிலோ கருப்பையிலோ புற்று என்றால் பரம்பரைக் கோளாறா என்று பார்க்கணும்.

சொந்தத்துக்குள் கட்டும் வழக்கமுள்ள குடும்பங்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது. மியூட்டிஹெச் என்ற மரபணுக் கோளாறு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். பெற்றோருக்கு ஒன்றும் இருக்காது, பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. ஒருவருக்குப் பத்துக்கு மேல் அடினோமா (புற்றாக மாறக்கூடிய வகை) பாலிப்புகள் கண்டால், "வீட்டில் யாருக்கும் இல்லையே" என்று நிறுத்தாமல் உடன்பிறந்தவர்களையும் பார்க்கணும்.

மருந்துக்கடை, காரைக்குடி:

நன்றி டாக்டர். மாத்திரைகள் பற்றியும் சொல்லிவிட்டால் பக்கம் முடிந்துவிடும். சில சீட்டுகளில் பவுடருக்குப் பதில் சின்ன பாட்டில் மருந்து எழுதுகிறார்கள், அதையும் கேட்கிறார்கள்.

குடல் மருத்துவர், திருச்சி:

பாட்டிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். சின்ன பாட்டில் என்றால் பெரும்பாலும் சோடியம் பாஸ்பேட். குடிக்கச் சுலபம், அதனால்தான் விரும்புகிறார்கள். ஆனால் சிறுநீரகத்தில் பாஸ்பேட் படிந்து நிரந்தரச் சேதம் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008 டிசம்பரில் கடும் எச்சரிக்கை போட்டது. 55 வயதுக்கு மேல், சிறுநீரகக் கோளாறு, இதய பலவீனம், நீர் பிரியும் மாத்திரை, வலி மாத்திரை இதில் எது இருந்தாலும் கடையிலேயே நிறுத்தி "டாக்டரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்" என்று சொல்வது உங்கள் கடமை. இரண்டாவது ஆபத்து, ஊசி வழி ஏற்றும் மானிட்டால் பாட்டிலைக் குடிக்கக் கொடுப்பது. அது ஒரு வகைச் சர்க்கரை. பெருங்குடல் பாக்டீரியா அதைப் புளிக்க வைத்து ஹைட்ரஜன் உண்டாக்கும். பாலிப்பை மின்சாரக் கம்பியால் அறுக்கும்போது பொறி பட்டால் குடலுக்குள்ளேயே வெடிக்கும். 1979-இல் பிரான்சில் ஒருவர் இப்படி இறந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சிஸ்டர் கரைசலில் சர்க்கரை போடாதீர்கள் என்றதற்கும் இதே காரணம்தான்.

மாத்திரைகள். இரும்புச்சத்து 7 நாள் முன்பே நிறுத்தணும். மலத்தைக் கறுப்பாக, தார் போல ஒட்ட வைக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது. இது ஒன்றை மட்டும் கடையில் தைரியமாகச் சொல்லலாம்.

ரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளில் ஆஸ்பிரின் 75-ஐப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. குளோபிடோக்ரெல் எடுப்பவருக்குப் பாலிப் வெட்ட நேரலாம் என்றால் 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்துவது வழக்கம். ஆனால் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகாதவரிடம் அதை நிறுத்தச் சொல்வது ஆளைக் கொல்வதற்குச் சமம். வார்ஃபரின் 5 நாள், அசெனோகூமரால் அதைவிடக் குறைவு, அபிக்சபான் வகை ஏறக்குறைய 2 நாள், சிறுநீரகம் பலவீனமானால் இன்னும் கூடுதல். செயற்கை வால்வு உள்ளவருக்கு இடையில் ஊசி தேவைப்படலாம். இந்தப் பத்தி உங்களுக்காக எழுதியது, அச்சில் போடாதீர்கள். அச்சில் "ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர் 10 நாள் முன்பே இதய மருத்துவரிடம் எழுதி வாங்கவும்" என்று மட்டும் போடுங்கள். மீதியைப் படித்துவிட்டுத் தானே நிறுத்துகிறவர்கள் உண்டு.

சர்க்கரை: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைகளை 3 நாள் முன்பே நிறுத்தணும். பட்டினியில் இவை சர்க்கரை அளவு ஏறாமலேயே ரத்தத்தை அமிலமாக்கும். குளுக்கோமீட்டர் 160 காட்டும், ஆள் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார், யாருக்கும் சந்தேகம் வராது. கிளிமிபிரைட் வகையை முந்தின நாள் தெளிந்த நீர் ஆகாரத்தில் இருக்கும்போது போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். இன்சுலின் அளவை மருத்துவர்தான் குறைத்து எழுதணும். தாழ்ந்தால் குடிக்க, சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு தனியாகப் பக்கத்தில் இருக்கட்டும். வலிப்பு மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் அன்று காலையில் ஒரு மடக்குத் தண்ணீரில் போடலாம். நீர் பிரியும் மாத்திரையை மட்டும் கேட்டுப் போடணும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பார்க்க வேண்டியவை. "நார்மல்" என்று ஒற்றை வார்த்தை இருந்தால் அது ரிப்போர்ட் இல்லை. குழாய் சீக்கம் (பெருங்குடல் தொடங்கும் இடம்) வரை போனதா, அதற்கு அடையாளமாகக் குடல்வால் துவாரமும் வால்வும் தெரிகிற படம் இருக்கிறதா? சுத்த மதிப்பெண் இருக்கிறதா? பாஸ்டன் அளவுகோல் என்பார்கள். வலது, நடு, இடது மூன்றுக்கும் 0 முதல் 3 வரை. ஒவ்வொன்றும் 2-க்குக் குறையாமல், கூட்டினால் 6-க்குக் குறையாமல் இருந்தால்தான் "பாலிப் இல்லை" என்ற வார்த்தைக்கு மதிப்பு. குழாயை வெளியே இழுக்கும்போதுதான் தேடுகிறோம், அதற்குக் குறைந்தது 6 நிமிஷம். இப்போது 8 என்கிறார்கள். மருத்துவருக்கு மருத்துவர் அடினோமா கண்டுபிடிக்கும் விகிதம் மாறும். அந்த விகிதம் ஒரு சதவீதம் கூடினால், ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் தோன்றும் புற்று 3 சதவீதம் குறைகிறது என்று 2014-இல் அமெரிக்காவில் பெரிய கணக்கெடுப்பு வந்தது.

பாலிப் எடுத்திருந்தால் இடம், மி.மீ. அளவு, எடுத்த முறை, எடுத்தது கைக்கு வந்ததா, எல்லாம் எழுதியிருக்கணும். 1 செ.மீ.க்குக் குறைந்ததை மின்சாரம் இல்லாமல் கம்பிச் சுருக்கால் சுற்றிலும் ஒன்றிரண்டு மி.மீ. நல்ல சதையோடு அறுத்து எடுப்பதே இப்போதைய முறை. பயாப்ஸி முடிவு வந்த பிறகுதான் அடுத்த தேதி தெரியும். 1 செ.மீ.க்குக் குறைந்த சாதாரண டியூபுலர் அடினோமா ஒன்றிரண்டு என்றால் 7 முதல் 10 வருஷம். மூன்று நாலு என்றால் 3 முதல் 5 வருஷம். 1 செ.மீ.யோ அதற்கு மேலோ, வில்லஸ் அமைப்பு (விரல் போல நீண்ட வளர்ச்சி), உயர்நிலை டிஸ்பிளேசியா (புற்றை நெருங்கிய செல் மாற்றம்) இதில் ஒன்று இருந்தாலும் 3 வருஷம். 2 செ.மீ. பாலிப்பைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் 6 மாதத்தில் அந்த இடத்தை மறுபடி பார்க்கணும். பெருங்குடலின் கீழ்ப்பக்கத்துச் சின்ன ஹைப்பர்பிளாஸ்டிக் மொட்டுக்கு (அடினோமா அல்லாத வகை) பயமே வேண்டாம், 10 வருஷம். வருஷா வருஷம் குழாய் விட்டுக்கொண்டே இருப்பதும் தவறுதான்.

லேப் டெக்னீஷியன், தேவகோட்டை:

டாக்டர், தப்பாக நினைக்காதீர்கள். 2022-இல் ஐரோப்பாவிலிருந்து வந்த நார்டிக் ஆய்வில் குழாய்ப் பரிசோதனையால் பெரிய லாபம் இல்லை என்று செய்தி வந்ததே? கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது?

குடல் மருத்துவர், திருச்சி:

நல்ல கேள்வி தம்பி. அதில் ஒப்பிட்டது அழைப்பு அனுப்பப்பட்டவர்களையும் அனுப்பப்படாதவர்களையும். அழைத்தவர்களில் குழாய் விட்டுக்கொண்டது 42 சதவீதம்தான். அந்தக் கணக்கில் 10 வருஷத்தில் புற்று 1.20 சதவீதத்திலிருந்து 0.98 ஆகக் குறைந்தது. அதாவது 18 சதவீதக் குறைவு. வராத பாதிக்கு மேற்பட்டவர்களையும் சேர்த்து வகுத்த கணக்கு அது. பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும் என்பதால் பலனும் மெதுவாகத்தான் தெரியும். குழாயில் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். குடல் ஓட்டையாவது ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு, பாலிப் எடுத்தால் ரத்தக்கசிவு இரண்டு வாரம் வரை வரலாம். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து லீவில் வருகிறவர்கள் ஊருக்குத் திரும்பும் முந்தின நாள் குழாய் விட்டுக்கொள்ளும் பழக்கம் இங்கே உண்டு. பெரிய பாலிப் எடுத்தால் விமானத்திலா ரத்தம் போவது? வந்த முதல் வாரமே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை, காரைக்குடி:

கடைசியாக ஒன்று. பாதியில் வாந்தி எடுத்துவிட்டால் என்ன செய்வது? ராத்திரி 9 மணிக்கு இதைக் கேட்டுத்தான் அதிகம் போன் வருகிறது.

எண்டோஸ்கோபி செவிலியர், மதுரை:

அரை மணி நேரம் நிறுத்தி, உட்கார்ந்தோ மெதுவாக நடந்தோ இருக்கச் சொல்லுங்கள், படுக்கக் கூடாது. பிறகு கால் லிட்டரை 25 நிமிஷத்துக்கு நீட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஸ்ட்ரா வைத்துக் குடிக்கலாம். வாந்தி மாத்திரை எழுதியிருந்தால் அடுத்த டம்ளருக்கு அரை மணி நேரம் முன்பு போடணும். வாந்தியில் வந்த அளவுக்குப் புதிதாகக் கரைத்துக் குடிக்கத் தேவையில்லை, மீதியை முடித்தால் போதும். போவது தெளிந்துவிட்டதா என்று மட்டும் பார்க்கணும். வயிறு கல் மாதிரி உப்பி, வலி விட்டு விட்டு வந்து, நாலு டம்ளர் குடித்தும் கீழே ஒன்றுமே போகாமல் வாந்தி எடுத்தால் அது வேறு. குடலில் அடைப்பு இருக்கலாம். அதற்கு மேல் ஒரு மடக்குக்கூடக் கொடுக்காமல் உடனே அருகில் உள்ள அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள், விடியும் வரை காத்திருக்க வேண்டாம். மலச்சிக்கல்காரர்களுக்கு முந்தின இரவு போடச் சொல்லி பிசாகோடில் என்ற மலமிளக்கி மாத்திரை எழுதியிருப்பார்கள், அதைப் பவுடர் பாக்கெட்டோடு சேர்த்து ஒட்டிக் கொடுங்கள். தனியாகக் கொடுத்தால் அலமாரியிலேயே இருந்துவிடுகிறது.

அப்புறம் உங்கள் தாளில் கூட ஒரு ஆள் வரணும் என்று பெரிதாகப் போடுங்கள் அண்ணே. மயக்க மருந்து கொடுத்த பிறகு 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது.

மருந்துக்கடை, காரைக்குடி:

போட்டுவிடுகிறேன் சிஸ்டர். தாள் தயாரானதும் இங்கே ஒட்டுகிறேன், டாக்டரும் ஒரு பார்வை பார்த்துத் திருத்திக் கொடுங்கள். ரத்த மாத்திரைப் பத்தியை எடுத்துவிட்டேன்.